கங்காணியின் சாட்சியில் வந்த கை

சென்ற மாதம் அட்டனில் நடந்த இளம் உபதேசிமார் கூட்டத்துக்கு, ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் என்னையும் அழைத்திருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: ஆவிக்குரிய தேக்கநிலையை உடைத்து வெளியே வருவது எப்படி. ஐந்து வழிகளாகப் பிரித்துச் சொன்னால் குறித்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று கூட்டத்தை நடத்திய தம்பி சொன்னார். எனக்கு ஐந்து வழி தெரியாது. ஒரு மனிதர் தேங்கிக் கிடந்ததையும் அதிலிருந்து வெளியே வந்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அங்கே அதைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. எனக்கு முன்னால் பேசியவர் கவாத்துப் பிரசங்கத்தை எடுத்துக்கொண்டார். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டினால்தான் புதுக் கொழுந்து வரும், ஆண்டவரும் நம்மை அப்படித்தான் வெட்டுகிறார் என்பது அந்தப் பிரசங்கம். கொழும்பிலிருந்து மலையேறி வருகிற போதகர்கள் எல்லாரும் ரயில் ஜன்னல் வழியாகத் தேயிலையைப் பார்த்தவுடன், இந்த உவமை தமக்கு மட்டும் தோன்றியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கவாத்து வெட்டுகிற ஆட்களும் முன்வரிசையில் உட்கார்ந்து, முதல் தடவை கேட்பது போல மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அன்று அது நீண்டுவிட்டதால், நான் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருஷம் உபதேசியார் வேலையில் சேர்ந்தேன். அதே வருஷம்தான், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்ற சந்தேகம் அரசாங்கத்துக்கு வந்தது. எங்களுக்கு அதற்கு முன்பு அந்தச் சந்தேகம் இருந்ததில்லை. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கிழ உபதேசியாருக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஆர்மோனியத்தில் நாலு ராகம், மழைச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி பேசுவது, அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவுக்காரம் பூசுவது, இவை மூன்றும் கைவந்ததும் என்னை றொசல்லைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே கோயில் என்று தனிக் கட்டடம் கிடையாது. வேலை நாட்களில் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராதான் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கோயில். தொட்டில் சேலைகளை மேலே விட்டத்தோடு முடிந்துவிட்டு, கீழே உட்கார்ந்து ஆராதனை நடத்துவோம். பிரசங்கத்தின் நடுவில் ஒரு முடிச்சு அவிழ்ந்து சேலை என் தலையில் விழுவதும் உண்டு. சபையார் அன்றைக்கு மட்டும் பிரசங்கத்தை நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள்.

என் வேலையில் முக்கியமானது வீடு சந்திப்பு. அதற்கு ஒரு முறை இருக்கிறது, அதை இளையவர்கள் கவனிக்க வேண்டும். ஆட்கள் வேலை முடிந்து குளித்த பிறகுதான் போக வேண்டும். லயத்து இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், ஏறுவதற்கு முன் நன்றாக இருமவேண்டும். சீட்டுக்கட்டு, போத்தல் முதலியவை உள்ளே போக அந்த இருமல் நேரம் கொடுக்கும். உட்கார்ந்ததும் நோயாளியைப் பற்றிக் கேட்கவேண்டும், பிறகு மாட்டைப் பற்றி, ஆத்துமாவைப் பற்றிக் கடைசியில். ஆத்துமாவை முதலில் விசாரித்தால் பொய்தான் கிடைக்கும். அடுப்பில் உலை கொதித்தால் ஜெபம் அது பொங்குவதற்குள் முடிந்துவிட வேண்டும்.

எனக்கு மேல் இருந்தவர் யாழ்ப்பாணத்து ஐயர். பல தோட்டங்களைப் பார்க்கும் போதகர். மாதம் ஒரு தடவை றொசல்லையில் ரயிலைவிட்டு இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு மேலே ஏறி வருவார். யாரையும் கடிந்து பேச மாட்டார். ஆராதனை முடிந்ததும் யாராவது ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பார்கள். என் பிரசங்கம் மோசமாக இருந்தால் ஐயர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "தேத்தண்ணி நல்லா இருக்கு" என்பார். மிகவும் மோசமாக இருந்தால் எந்தத் தோட்டத்துத் தூள் என்றும் விசாரிப்பார். என் முதல் வருஷம் முழுவதும் அவர் தேயிலையைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டார்.

வருஷக் கடைசியில் சாட்சி ஆராதனை நடக்கும். ஆண்டவர் தமக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்வது வழக்கம். எங்கள் சபையில் என்ன நடந்தது என்றால், ஒவ்வொருவரும் முதல் தடவை சொன்ன சாட்சியையே வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காணாமல் போன ஆடு கிடைத்ததற்கு நன்றி சொல்லும் ஓர் அம்மா இருந்தார். அந்த ஆடு செத்து, அதன் பேரக் குட்டிகளே கிழடாகிவிட்டன. சாட்சி மட்டும் இளமையாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆசீர்வாதம் கங்காணி எழும்புவார். ஆட்களை வேலை வாங்கும் கங்காணி, ஆறடி உயரம், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டுக்களத்தில் அவர் செருமினால் கீழ் லயத்தில் அடுப்பு பற்றும். நான் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பு அவர் பெரிய குடிகாரராக இருந்தாராம். ஒரு சாயங்காலம் டவுனில் குடித்துவிட்டு மழையில் திரும்பி வரும்போது பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தார். தண்ணீர் இழுத்தது, ஒரு வேரைப் பிடித்தார், வேரும் கழன்றது. "அப்பத்தான் ஒரு கை வந்து என்னையப் புடிச்சிச்சு" என்று சொல்லி வலது கையை நீட்டி நிறுத்துவார். சபை மூச்சுவிடாது. அன்றோடு குடியை விட்டார், பிறகு தொடவே இல்லை. அது உண்மை, தோட்டம் முழுவதும் சாட்சி. ஆண்டவரின் கையை இத்தனை அருகில் பார்த்தவர் என்று அவருக்குச் சபையில் தனி இடம் இருந்தது.

இந்தச் சாட்சியைக் கேட்க இன்னொருவரும் தவறாமல் வருவார். கறுப்பையா என்று கவாத்து வெட்டும் ஆள், மாரியம்மன் கோயில் திருவிழாவில் முன்னால் நிற்பவர். எங்கள் கோயிலுக்குள் வரமாட்டார். ஜன்னலுக்கு வெளியே கம்பளியைப் போர்த்துக்கொண்டு நின்று, கங்காணியின் சாட்சி முடியும் வரை கண் எடுக்காமல் கேட்டுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போய்விடுவார். எனக்கு இது போதாதா? சத்தியத்தைத் தேடும் ஒருவர் இருக்கிறார் என்று ஐயரிடம் சொன்னேன். ஐயரும் மாதா மாதம், "உம்மட தேடுறவர் எப்பிடி?" என்று விசாரிப்பார். ஜன்னலுக்குக் கிட்டே வருகிறார், இன்னும் கொஞ்சம் கிட்டே வருகிறார் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாறு வருஷம் இப்படிப் போனது. ஒரு வருஷக் கடைசியில் ஐயர், ஆடு கிடைத்த சாட்சி தொடங்குவதற்கு முன்பே எழுந்து நின்றார். "இனிமேல் பழைய சாட்சி வேண்டாம். இந்த வருசம் நடந்ததை மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

 தகரக் கூரையில் காக்கை நடப்பது கேட்டது. ஆட்டுக்கார அம்மா பாதி எழும்பி, யோசித்து, மறுபடி உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்துப் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "இந்த வருஷம் ஆண்டவரு எனக்குப் பெருசா ஒண்ணும் செய்யலைங்க. சும்மா பாத்துக்கிட்டாரு" என்று சொல்லி உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கங்காணியைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. அவர் முகம் வெளுத்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கடைசி வரை எழும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே கறுப்பையா ஏமாந்தவர் போல என்னைக் கூப்பிட்டு, கங்காணி ஏன் இந்த வருஷம் சொல்லவில்லை என்று கேட்டார். பாவம், எவ்வளவு தாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கங்காணி கோயிலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பெரட்டில் என்னைக் கண்டால் கொழுந்துக் கூடைகளை எண்ணத் தொடங்கிவிடுவார். சபையின் தூண் போல இருந்தவர், ஒரே ஒரு அறிவிப்பில் இப்படி ஆகிவிட்டாரே என்று எனக்கு ஐயர் மீதுதான் கோபம். போனால் போகட்டும், அவருக்கு மட்டும் பழையதைச் சொல்ல அனுமதி வாங்கிவிடலாம் என்று எண்ணிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

முறைப்படி இருமினேன். முறைப்படி மாட்டை விசாரித்தேன். அவர் மனைவி எஸ்தரம்மா உள்ளே அடுப்படியில் இருந்தார். சாட்சி விஷயத்தை நான் எடுத்ததும் கங்காணி கையால் தடுத்துவிட்டார். அனுமதி வேண்டாம், ஐயர் கேட்டதில் தப்பில்லை என்றார். பிறகு, பெரட்டுக்களத்தில் நான் கேட்டறியாத ஒரு சின்னக் குரலில் சொன்னார்:

"ஆத்துல விழுந்த வருஷம் ஒண்ணு நடந்துச்சு உபதேசியார். அதுக்கப்புறம் எனக்கும் ஆண்டவருக்கும் பேச்சே இல்ல. ஜெபத்துக்கு உக்காந்தா நேரா அந்தக் கையில போயி நிக்குது. அதத் தாண்டி ஒரு அடி நகர மாட்டேங்குது."

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து எஸ்தரம்மாவின் குரல் வந்தது. "அது யாரு கைனு கேளுங்க ஐயா."

கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே ஊதுகுழல் சத்தம் கேட்டது. அந்த அம்மா கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டார்.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. கையைப் பிடித்துக் கரையில் இழுத்துப் போட்டது கறுப்பையா. தோளில் சுமந்துகொண்டு வந்து, எஸ்தரம்மாவின் வாசலில் கிடத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனதும் கறுப்பையாதான். அன்று காலையில்தான் கங்காணி, செடியை ஒழுங்காக வெட்டவில்லை என்று ஆட்கள் முன்னால் கறுப்பையாவைத் திட்டி, அரைப்பேர் போட்டிருந்தார், அதாவது அரை நாள் கூலியை வெட்டியிருந்தார். முதல் தடவை சாட்சி சொல்ல எழும்பியபோது பெயரைச் சொல்லத்தான் நினைத்தாராம். "ஒரு கை வந்திச்சு" என்று சொன்னதுமே அப்போதிருந்த பழைய போதகர் கண்ணீர்விட்டு அல்லேலூயா சொல்லிவிட்டார். சபையும் அழுதது. அந்த இடத்தில் கறுப்பையாவையும் அரைப்பேரையும் எப்படிக் கொண்டுவருவது? அடுத்த வருஷம் இன்னும் கஷ்டம். அதற்கடுத்த வருஷம் கங்காணிக்கே அந்தக் கை, கவாத்துக் கத்தித் தழும்பு எதுவும் இல்லாத கையாகிவிட்டது.

ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரே ஒரு பெயரை விட்டார். அந்த மனிதரின் ஜெபம் இத்தனை வருஷமும் அந்தப் பெயரின் வாசலில் நின்றுகொண்டிருந்தது.  எழும்புங்கள், இப்போதே கறுப்பையா வீட்டுக்குப் போவோம் என்றேன். தான் கங்காணி, கீழ் லயத்துக்கு விருந்தாடியாக எப்படிப் போவது என்று கேட்டார். எஸ்தரம்மா அவருடைய கோட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

கங்காணி லயத்துக்குள் வந்தால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு, வேலைக்கு வராதவர்களைப் பிடிப்பது. நாங்கள் படி இறங்குவதைக் கண்டதுமே லயம் முழுவதும் காய்ச்சல் பரவியது. சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஒருவர் அப்படியே சாய்ந்து போர்த்துக்கொண்டார். வாசலில் தலை சீவிக்கொண்டிருந்த ஒரு பெண் சீப்பைக் கொண்டையிலேயே விட்டுவிட்டு முனகத் தொடங்கினாள். கறுப்பையாவும் அன்று வேலைக்குப் போகவில்லை. கம்பளிக்குள் சுருண்டு, இருமிக்கொண்டே வெளியே வந்து, குளிர்காய்ச்சல் என்றார். மாத்தளை வரை கேட்கும் இருமல்.

கங்காணி அவருக்கு முன்னால் நின்றார். பெரட்டுக்களத்தில் நூறு பேரை நிறுத்தி வைக்கிற மனிதருக்கு வாய் திறக்கவில்லை. கடைசியில், "அன்னிக்கு என்னையத் தூக்குனது நீதான்" என்றார்.

இருமல் நின்றது. கறுப்பையா கம்பளியை விலக்கி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதுக்குத்தான் வருஷா வருஷம் அந்த ஜன்னல்ல வந்து நிக்கிறேன்," என்றார். "இந்த வருஷமாவது எம் பேரு வருமானு."

சத்தியத்தைத் தேடுகிறவர் என்று நான் வைத்திருந்த ஆள் அந்த நிமிஷமே இல்லாமல் போனார். ஐயரிடம் நான் மாதா மாதம் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்து காது சூடாகிவிட்டது. மனிதர் சத்தியத்தைத் தேடித்தான் வந்திருக்கிறார், நான் நினைத்த சத்தியம் இல்லை, அவ்வளவுதான்.

கங்காணி நன்றி சொன்னார், கையைப் பிடித்தார். கறுப்பையா கையைக் கொடுத்துவிட்டு, ஆனாலும் இது போதாது என்றார். "இங்க சொன்னா எனக்கும் ஒங்களுக்குந்தான் தெரியும். அந்தக் கதைய எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

நடந்ததை ஐயரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். அடுத்த மாதம் தான் வரும் ஞாயிறு சாட்சிக்கு நேரம் ஒதுக்கச் சொன்னார். கங்காணி வருவாரா என்று கேட்டதற்கு, "அது எனக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது" என்றார். எனக்கு அந்த மாதம் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கையை எடுத்துவிட்டால் கங்காணியிடம் என்ன மிஞ்சும்? அவர் திட்டி வேலை வாங்கும் ஆட்கள் எல்லாரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். நாளைக்குப் பெரட்டில் அவர் செருமினால் சிரிப்பார்கள். வராமல் இருந்துவிட்டால் ஒரு வேளை நிரந்தரமாகவே போய்விடுவார்.

வந்தார். எஸ்தரம்மா முன்னால் நடந்தார், அவர் பின்னால் வந்தார். எழுந்து நின்று, பாலம், மழை, வேர் எல்லாவற்றையும் இரண்டு வரியில் முடித்தார். கையை நீட்டவில்லை. அந்தக் கை கறுப்பையாவுடையது என்றும், அன்று காலை தான் அவரைத் திட்டி அரைப்பேர் போட்டதையும், பெயரை மறைத்ததையும் சொன்னார்.  ஆட்டுக்கார அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார்.

அப்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து, "நானும் ஒண்ணு சொல்லணுங்க" என்று குரல் வந்தது.

ஐயர் உள்ளே வரச் சொன்னார். கறுப்பையா வரவில்லை. ஜன்னல் கட்டையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அங்கிருந்தே பேசினார். "கங்காணி விழுந்த ஒடனே கை வந்துச்சுனு சொல்றாரு. வரல. நான் கரையிலதான் நின்னேன். அரைப்பேரு போட்ட ஆளு, போகட்டும்னு நின்னேன். அப்பறந்தான் எறங்குனேன். தூக்குனத நானா சொன்னா நின்னதையும் சொல்லணும், ஏன்டா நின்னேனு கேப்பாங்க. அதுனாலதான் அவரு சொல்லட்டும்னு இருந்தேன்."

 கங்காணிதான் மெதுவாகக் கேட்டார். "எம்புட்டு நேரம் நின்ன?"

"ஒரு பீடி குடிக்கிற நேரம்."

"அந்த மழையில பீடி எப்புடிப் பத்துச்சு?"

கறுப்பையா யோசித்தார். "பத்தலங்க. அதுனாலதான் சீக்கிரம் எறங்கிட்டேன்."

முதலில் எஸ்தரம்மாதான் சிரித்தார். பிறகு தொட்டில் முடிச்சுகள் அவிழ்கிற அளவுக்குச் சபை சிரித்தது. கங்காணி சிரித்துக்கொண்டே அழுதார், மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்தார். கறுப்பையா அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வந்ததில்லை. கடைசி வரை மாரியம்மன் கோயில்காரராகவே இருந்தார். கங்காணி வீட்டு இஸ்தோப்பில் மட்டும் பல சாயங்காலங்களில் அவரைப் பார்த்திருக்கிறேன், இரண்டு பேரும் கவாத்துக் கத்தி தீட்டுவதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

சிரிப்பு அடங்கியதும் ஐயர், கங்காணியையே முடிவு ஜெபம் செய்யச் சொன்னார். பெரிய பெரிய வார்த்தைகளில் ஜெபிக்கிறவர் அவர். அன்று முழங்காலிட்டார், கண்ணை மூடினார், ஒன்றும் வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். எஸ்தரம்மாவின் உதடு மட்டும் அசைந்தது.

"ஆண்டவரே," என்றார் கடைசியில், "கறுப்பையா பேரச் சொல்லிட்டேன். இனி மத்த விஷயம் பேசலாம்."

பேசினார். மாட்டுக்கு மடிவீக்கம், மகளுக்கு வரன் அமையாதது, தலையில் ஏறிய கர்வம், பெரட்டில் வாயில் வருகிற கெட்ட வார்த்தை, எஸ்தரம்மாவின் முழங்கால் வலி என்று எத்தனையோ வருஷத்துப் பாக்கியை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசிக்கொண்டே போனார். உலை வைத்துவிட்டு வந்த பெண்கள்கூட எழும்பவில்லை. ஐயருக்குக் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஜன்னல் கட்டையில் ஆடை கட்டி ஆறிப்போனது. அன்று ஐயர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.